பூச்சிய அளவுப் பிரஜைகள்

அரசாங்க வேலைகள் யாவும் இனித் துரிதமாக நடைபெறும் என்று அறிவிக்கும் சுற்றுநிருபம், இலங்கையின் மாத்தளையிலிருந்த ஓர் அரசாங்கக் கந்தோருக்கு மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. கூடவே ஒரு லெப்டொப்பும் வந்தது. வருடம் இரண்டாயிரத்து ஏழு; வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

கந்தோரின் தலைவர் தில்லையம்பலம் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து மேசையில் அமர்த்தினார். அதன் கறுப்புப் பையைத் தமது தோளில் மாட்டிக்கொண்டார். லெப்டொப் பை தொங்காத உத்தியோகத்தரைக் கல்யாண வீடுகளில் பின்வரிசைக்கு அனுப்பிய காலம் அது. லெப்டொப் கந்தோரிலேயே இருக்கும். பைதான் அவரோடு ஊரெல்லாம் போய் வரும். உள்ளே இடியாப்பப் பார்சல் இருக்கும்.

லெப்டொப்பைத் திறந்தால் வெறும் கறுப்புத் திரைதான். படமில்லை, அம்புக்குறியில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டவர்கள், படம் காட்டும் பகுதியைப் போட மறந்திருந்தார்கள். கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடித்தால்தான் அது அசையும். தில்லையம்பலத்துக்கு அது பிடித்துப்போயிற்று. உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து மேலிடத்துக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகிய மனிதர். இப்போது அவர் கட்டளைக்குக் கீழ்ப்படியவும் உலகில் ஒன்று இருந்தது. கண்டியில் நடந்த பயிற்சியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் விழித்திருந்த நேரத்தில், ஒரு பெயரைத் தேடவும், 'டச்' என்று அடித்து ஒரு பெயரில் புதுக் கோப்பை உண்டாக்கவும் கற்றிருந்தார்.

சுற்றுநிருபத்தின் கடைசி வரி இது: 'கணினியில் இல்லாத எவரும் இருப்பதாகக் கருதப்படலாகாது.'

முதலில் அகப்பட்டவன் நுஹ்மான். சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகும் த்ரீவீல்காரன். சட்டைப் பையில் மறந்த அடையாள அட்டை சலவையில் கூழாகிவிட, பலாபத்வல செக்பொயின்ட்டில் அவனைப் பிடித்து வைத்தார்கள். இவன் இந்த ஊர்க்காரன்தான் என்று கந்தோரிலிருந்து ஒரு கடதாசி வந்தால் விடுவார்களாம். அவன் மனைவி ஹமீமா வந்து நின்றாள்.

தில்லையம்பலம் 'நுஹ்மான்' என்று அடித்தார். 'நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி' என்றது திரை. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்படி ஒரு ஆள் இல்லைம்மா."

"பொலிஸ்ல இருக்காரே சேர்."

"பொலிஸ்ல இருக்கலாம். அரசாங்கத்துல இல்லை."

"இல்லாத ஆளை எப்புடிங்க பிடிச்சு வச்சிருக்காங்க?"

"அதை நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்."

ஹமீமா யோசித்தாள். "அப்ப இல்லைன்னே எழுதிக் குடுங்க சேர். இல்லாதவரை விடச் சொல்லிக் கேக்கிறேன்."

தில்லையம்பலம் தலைமை எழுதுவினைஞர் பாலேஸ்வரியைப் பார்த்தார். அவள் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இல்லாத ஆளுக்குக் கடிதம் குடுக்க ஏலாது சேர். இருக்கிற ஆளுக்குத்தான் இல்லைன்னு குடுக்கலாம்."

ஹமீமா அழவில்லை. நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது. பார்சலைப் பிரித்தார். பார்வை நகரவில்லை. அந்தப் பார்வைக்கு எதிரே இடியாப்பம் தொண்டையில் இறங்காது என்று தெரிந்ததும் தில்லையம்பலம் 'டச் நுஹ்மான்' என்று அடித்தார். மறுபடி தேடினார். நுஹ்மான் இருந்தான். கோப்புக்குள் ஓர் எழுத்தும் இல்லாததால், பெயருக்குப் பக்கத்தில் அவனுடைய அளவு: பூச்சியம்.

அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். பொலிஸ் சார்ஜன்ட் அந்தக் கடதாசியை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே முழுமையாக நம்பினார். அன்று பின்னேரமே நுஹ்மான் வீடு வந்தான்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நல்ல முன்மாதிரி ஒன்று கிடைத்தால் அரசாங்கம் விடாது. செக்பொயின்ட்டில் எல்லாரிடமும் அந்தக் கடதாசியை, 'கொம்பியூட்டர் துண்டு' என்று பெயர் வைத்து, கேட்கத் தொடங்கினார்கள். அடையாள அட்டை பத்திரமாக இருந்தவர்களும் தாங்கள் இருப்பதை உறுதிசெய்துகொள்ளக் கந்தோர் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

புடவைக்கடை மீராசாஹிப் மட்டும் தம் துண்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"அந்த த்ரீவீல்காரனுக்கும் பூச்சியம், எனக்கும் பூச்சியமா சேர்? நாலு பேர் மதிக்க வாணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. தில்லையம்பலம் அவர் கோப்புக்குள் கடை, ஹஜ் யாத்திரை, பள்ளிவாசல் பொறுப்பு எல்லாவற்றையும் அடித்தார். அளவு முந்நூறைத் தாண்டியது. மீராசாஹிப் அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார்.

அவ்வளவுதான். மாத்தளையில் அளவு பிறந்தது. கல்யாணத் தரகர்கள் சாதகத்துக்கு முன் அளவைக் கேட்டார்கள். ஐந்நூறுக்குக் கீழே இருந்த ஒரு டாக்டர் மாப்பிள்ளை தட்டிப்போயிற்று. ஊருக்கே அளவு போட்டவர் தமக்குக் குறைவாகப் போடுவாரா? பிறந்த ஊர், பட்டங்கள், இடமாற்றங்கள், தலைமை தாங்கிய கூட்டங்கள், அவற்றில் ஆற்றிய உரைகள் என்று தில்லையம்பலம் அடித்து அடித்து, மாவட்டத்திலேயே பெரிய ஆளானார். அளவு ஒன்பதாயிரம்.

ஒருநாள் தம்புள்ளையில் கூட்டம். பலாபத்வலையில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரி துண்டுகளைப் பார்த்தான். பூச்சியங்களை எல்லாம் உடனே போகச் சொன்னான். சரக்கு வாங்க அதே பஸ்ஸில் வந்த மீராசாஹிப்பை ஓரமாக நிற்க வைத்தான். தில்லையம்பலத்தின் துண்டைக் கண்டதும் துவக்கு ஏந்திய காவலர் இன்னும் இருவரைக் கூப்பிட்டான்.

"பிறந்தது யாழ்ப்பாணம்," என்றான் சிங்களத்தில். "உங்களைப் பத்தி அரசாங்கம் ஒன்பதாயிரம் எழுத்து எழுதி வச்சிருக்கு. ஏன்?"

"அதை நான்தாங்க எழுதினேன்."

"அது இன்னும் மோசம். அப்படி என்ன செஞ்சீங்க?"

அந்த நாட்களில் இப்படி ஓரமாக நின்றவர்களில் சிலர் வீடு திரும்பவேயில்லை. தில்லையம்பலத்தின் தோளிலிருந்த பை கல்லாய்க் கனத்தது.

"நான் ஒண்ணும் செய்யல்லைங்க," என்றார். உத்தியோக வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் உண்மையான அறிக்கை அது.

அதிகாரி நம்பவில்லை. கந்தோருக்குப் போன் போட்டான். பாலேஸ்வரி எடுத்தாள்.

"தில்லையம்பலம் அங்க என்ன செய்றவர்?"

"அவரா? அவர் ஒண்ணும் செய்றதில்லைங்க."

"நிச்சயமா தெரியுமா?"

"மாத்தளையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

பஸ்ஸிலிருந்தவர்களைக் கேட்டான். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும், காத்திருந்து கால் கடுத்த அனுபவத்தோடு, ஒரே குரலில் உறுதிப்படுத்தினார்கள். நாட்டில் அப்படியொரு இன ஒற்றுமையை அந்த அதிகாரி கண்டதில்லை. தில்லையம்பலத்தை விட்டுவிட்டான். மீராசாஹிப்பையும் எச்சரித்து அனுப்பினான்.

மறுநாள் கந்தோர் திறக்கும் முன்பே வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. அளவுள்ளவர்கள் எல்லாரும் தங்களைப் பூச்சியமாக்கச் சொல்லி நின்றார்கள். யாரை முந்திப் பூச்சியமாக்குவது என்பதில் தள்ளுமுள்ளாயிற்று. மீராசாஹிப் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேசைக்கு வந்தார்.

"நான் யாருன்னு தெரியுந்தானே சேர்? இவங்களுக்கெல்லாம் முந்தி என்னைப் பூச்சியமாக்குங்க."

திரையில் தமது ஒன்பதாயிரம் எழுத்துகளை அழித்துக்கொண்டிருந்த தில்லையம்பலம் கண்ணை எடுக்கவில்லை.

"வரிசையில நில்லுங்க ஹாஜியார். முதல்ல உத்தியோகத்தர்மார்."