ஓநாய் அங்கிளும் ஒரே ஒரு டேப்பும்

வாடகைக்குப் படம் எடுக்க வந்தவர்களைப் படம் எடுக்க விடாமல் தடுத்த வீடியோ கடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் மலேசியாவில், எங்கள் கோத்தா திங்கியில்தான் இருந்தார். கடைப் பலகையில் ‘வீடியோ’ என்று மட்டும் எழுதியிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ஓநாய் அங்கிள்.

அந்தக் கடைக்கு நேர் எதிரே ஒரு கிளினிக். அதில் மருந்து கவுண்டரில் எனக்கு வேலை. கல்யாணமான புதிது. நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் சனிக்கிழமையானால் அங்கே போய் நிற்போம். அங்கிள் அதற்கு முன்பு ஜோகூர் பாரு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கடைக்குள் நுழைகிறவர்களை டிக்கெட் எடுக்காதவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

“என்னமா எடுத்திருக்கே?”

“காதல் படம் அங்கிள்.”

“இதுல நாய் இருக்கா?”

“காதல் படத்துல நாய் எதுக்கு அங்கிள்?”

“நாய் இல்லாத வீட்டுல என்னத்தக் காதலிச்சு... வைமா கீழ.”

உடனே மேசைக்கு அடியிலிருந்து அந்த டேப் வரும். அது ஓர் ஆங்கிலப் பேய்ப்படம். பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறும் மனிதன் ஒருவன், ஒரு குடும்பத்தின் மாடியில் வயலின் வாத்தியாராகக் குடிவருகிறான். கீழ் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். ஒருவருக்கும் விஷயம் புரியவில்லை. ஒரு காது தொங்கிப்போன அந்த வீட்டு நாய்க்கு மட்டும் முதல் நாளே தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன செய்ய? குரைத்தால் அதட்டுகிறார்கள், பல்லைக் காட்டினால் சங்கிலி போடுகிறார்கள், கடைசியில் கோழியைக் கொன்றது அதுதான் என்று ஊர் கடத்தியே விடுகிறார்கள். அது மூன்று ஊர் தாண்டி நடந்து வந்து, அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

இதை வெளியே எவரும் சீந்தவில்லை. ஓடாத படம். ஊர் முழுக்க சிடிக்கு மாறிய பிறகும் இது சிடியாக வரவே இல்லை. இருந்தது ஒரே ஒரு டேப். அங்கிளிடம் இருந்த அந்த ஒரு டேப்.

மேலட்டையில் ஓநாயின் பல் மட்டும்தான் இருக்கும். அங்கிளுக்கு அது ஆறாத கோபம். “ஹீரோ படத்தைப் போடாம வில்லன் பல்லைப் போட்டிருக்கான் பாரு” என்று தானே ஒரு நாயை வரைந்து ஒட்டினார். அதைப் பார்த்துவிட்டு ஒருவர், “ஆட்டைப் பத்தின படமா அங்கிள்?” என்று கேட்டுத் தொலைத்தார். கடை இரண்டு நாள் திறக்கவில்லை.

பட்டப்பெயரும் அவருக்குப் பிடிக்காது. மலாய்க்காரர்களும் அவரை ‘பாக்சிக் செரிகாலா’, அதாவது ஓநாய் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். “நான் ஓநாய் கட்சியே இல்லமா, நாய் கட்சி. எல்லாரும் என்னை நாய் அங்கிள்னு கூப்பிடுங்க” என்பார். வயதில் பெரியவரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? ஊர் மரியாதையாக ஓநாயிலேயே நிறுத்திக்கொண்டது.

டேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பரீட்சை உண்டு. செல்வம் அதைப் பார்க்காமலே ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்துவிட்டு, கூசாமல் கொண்டுபோய் நீட்டினார்.

“பாத்தீங்களா தம்பி?”

“சூப்பர் அங்கிள்.”

“நாய் எந்தக் கால்ல நொண்டுச்சு?”

“முன்னங்கால்.”

“இடதா, வலதா?”

செல்வம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அது நொண்டுனது பின்னங்கால் தம்பி. வீட்டுக்குப் போங்க.”

எங்கள் வீட்டில் டேப் ஓட்டும் பெட்டி பழுதாகிவிட்டது என்று செல்வம் சாக்கு சொன்னார். மறுநாள் மத்தியானமே அங்கிள் தன்னுடைய பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அன்றைக்குத்தான் இரண்டு ரகசியங்கள் வெளியாயின. முதலாவது, மனிதன் ஓநாயாக மாறும் காட்சியை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த இடம் வந்ததும், “நீங்க பாருங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்” என்று எழுந்து போய்விட்டார். பட்டப்பகல், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது.

இரண்டாவது, அவருக்கு நிஜ நாய் என்றால் உயிர் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல், நாங்கள் செய்யும் வேலையை மட்டும் எஸ்டேட் மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பார்க்கும். அதனால் அதற்கு மண்டோர் என்று பெயர் வைத்திருந்தோம். மண்டோர் வாலாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்ததும் அங்கிள் ஒரே தாவாகத் துணி துவைக்கும் கல்மேல் ஏறிவிட்டார். அங்கே நின்றபடியே நாயின் வீரத்தைப் பற்றி அரைமணி நேரம் எங்களுக்குப் பேசினார்.

“நாய் மாதிரி ஒரு ஜீவன் கிடையாதுமா... ஐயோ, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூப்பிடேன் லா!”

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் நன்றாகவே இருந்தது. ஓநாயின் முதுகில் ஜிப் தெரிந்தது உண்மைதான். ஆனால் சங்கிலியில் கட்டப்பட்ட அந்த நாய் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்ததே, அந்தக் கண்ணை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வெள்ளம் புதிதல்ல. ஆனால் அந்த முறை காலையில் முற்றத்தில் இருந்த தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் ஜன்னலைத் தொட்டது. வேலைக்குப் போயிருந்த என்னை ஒரு லாரி ஏற்றி வந்து பள்ளிக்கூட ஹாலில் இறக்கியது. செல்வம் தன் வேலையிடத்திலிருந்து வேறொரு லாரியில் வந்தார். இறங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்:

“மண்டோர் எங்க?”

நான் வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் கொண்டுவந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். மண்டோர் பின்கட்டில் சங்கிலியில் இருந்தது.  மீட்புப் படகுக்காரர்களிடம் ஓடினேன். வீட்டுக் கூரைகளில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள், முதலில் அவர்கள்தான் என்றார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் ஓநாய் அங்கிள் வந்தார். மொத்தக் கடையும் தண்ணீரில் போய்விட்டது. அவர் காப்பாற்றிக் கொண்டுவந்தது ஒரே ஒரு டேப். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“ஏம்மா அழுவுறே?”

சொன்னேன்.

“கட்டியா போட்டிருக்கீங்க?”

தலையாட்டினேன்.  அவர் நேராக, ஆற்றில் மீன் பிடிக்கும் சீனரான ஆ செங்கிடம் போனார். இருவரும் சம்பான் படகில் ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கிளுக்கு நீச்சலும் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்துப் படகு திரும்பியது. முன்னால் அங்கிள். அவர் மடியில், நனைந்த சாக்கு மூட்டை மாதிரி மண்டோர். தன் வலது கையில் சட்டையைச் சுற்றியிருந்தார். ரத்தம்.

“கடிச்சிருச்சுமா!” என்று கத்தினார். டத்தோ பட்டம் வாங்கியவர்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

“ஐயோ அங்கிள்!”

“கூரைத் தகரத்து மேல ஏறி நின்னுட்டிருந்துச்சு. சங்கிலி இழுத்துப் பிடிச்சிருந்துச்சு. தெரியாதவன் வந்து தூக்குனா கடிக்கணும்மா. அதான் நாய்!”

“அலாமாக், கண்ணை மூடிட்டுதான் நாயைத் தூக்குனாரு லா” என்றார் ஆ செங். எங்களோடு பழகிப் பழகி அவருக்கு நல்ல தமிழ் வரும்.

அந்த வெள்ள நிவாரண மையத்துக்குப் பொறுப்பாக இருந்த மலாய் அம்மா, நாயை ஹாலுக்குள் விட முடியாது என்று தயங்கிச் சொல்லிவிட்டு, சைக்கிள் கொட்டகையில் கட்ட அவரே கயிறும் தேடிக் கொடுத்தார். நான் குழாயடியில் சோப்புப் போட்டு அங்கிளின் காயத்தைக் கழுவினேன். அப்போதுதான் கவனித்தேன். கழுத்தில் பை இல்லை.

“அங்கிள், டேப்?”

“மண்டோர் திமிறுச்சும்மா. பை அறுந்து ஆத்துல போயிருச்சு.”

நான் அவர் கழுத்தையே பார்த்தேன். அவர்தான் சொன்னார்: “விடு. எனக்குத்தான் மனப்பாடமாச்சே.”

மறுநாள் மத்தியானம் ஹாலில் எல்லாரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தோம். அங்கிள் திடீரென்று எழுந்து நடுவில் வந்தார். தமிழும் மலாயும் கலந்து அந்தப் படத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வயலின் வாத்தியார் அவரே, வீட்டம்மா அவரே. நாய்க்காக நாலு காலில் தவழ்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு நொண்டினார். “பின்னங்கால் அங்கிள்!” என்று செல்வம் பழி தீர்த்துக்கொண்டார். மனிதன் ஓநாயாக மாறும் இடம் வந்தது. “இங்க நான் டீ குடிக்கப் போயிருவேன். நீங்களே நெனச்சுக்குங்க” என்று தாண்டிவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பொறுப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில், அந்த வீட்டம்மா தரையில் உட்கார்ந்து, “எங்களை மன்னிச்சிரு, நீ சொன்னது எங்களுக்குப் புரியல” என்று நாயிடம் சொல்வதாக முடித்தார். ஹாலே கை தட்டியது.

“படத்துல இப்படி ஒரு சீன் இல்லையே அங்கிள்” என்றேன் பிறகு.

“டேப்புல இல்லமா. அவங்க எடுத்திருக்கணும்.”

தண்ணீர் வடிந்ததும் அவர் கடையைத் திறக்கவில்லை. பெக்கான் நானாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் மாதம் ஒருமுறை போன் வரும். முதல் கேள்வி மண்டோர் எப்படி இருக்கிறது என்பதுதான். பத்து வருஷத்துக்கு முன்பு மண்டோர் வயதாகி, தூக்கத்திலேயே போய்விட்டது. அதை அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. “தூங்குது அங்கிள்” என்றார் செல்வம். அந்தப் பொய்யை நிறுத்தவே முடியவில்லை. எங்கள் போன் பேச்சின்படி மண்டோருக்கு இப்போது இருபத்து மூன்று வயது.

போன தீபாவளிக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தோம். சமையலறையில் மகளிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அப்பாவுக்கு எப்பவோ தெரியும்கா. நீங்க சொல்ல முடியாம தவிக்கிறீங்களாம். பாவம், கேட்டுட்டே இருப்போம்னு சொன்னாரு.”

போன வாரமும் போன் வந்தது. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மண்டோர் எப்படிம்மா இருக்கு என்று கேட்டார்.

“நல்லா சாப்பிடுது அங்கிள்” என்றேன். “உங்களைத்தான் தேடுது.”