புழு இல்லாத கத்தரிக்காய்

நெய்வேலி டவுன்ஷிப்,
ஆவணி மாதம், 2018.

மதிப்பிற்குரிய மச்சான் பெரியண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை அம்சவல்லியின் கணவன் சாமிக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், எனக்குத் தங்கச்சி முறையான தங்கள் மனைவி பொற்கொடியும், ஆடு மாடுகளும், கொல்லையில் உள்ள பயிர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால் தாங்கள் அதோடு கடிதத்தை மடித்துக் கூரை எறவாணத்தில் செருகிவிடுவீர்கள் என்ற பயத்தால் எழுதவில்லை. அம்சவல்லி சாப்பிட மாட்டேன் என்கிறாள். தாங்கள் ஒரு தடவை வந்து போனால் சாப்பிடுவாள். கடிதத்தின் சாராம்சம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் பக்கத்து நியாயம்.

தங்கள் ஊர் குள்ளஞ்சாவடிக்கும் எங்களுக்கும் பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற தூரம்தான், இதற்குப் போய் தபாலா என்று தங்களுக்குத் தோன்றலாம். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. போன வாரம் நேரிலேயே வந்தேன். வீட்டில் கேட்டால் கொல்லைக்குப் போயிருக்கிறார் என்றார்கள், கொல்லைக்கு வந்தால் இப்பத்தான் வூட்டுக்குப் போனாரு என்றார்கள், திரும்ப வீட்டுக்கு வந்தால் தங்கள் செருப்பு வாசலில் கிடக்கிறது, ஆனால் தாங்கள் இல்லையாம். செருப்பில்லாமல் வெயிலில் எங்கே போயிருப்பீர்கள் என்று கவலையோடுதான் திரும்பினேன். கடிதத்திடம் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், அம்சவல்லி வயிற்றில் இருக்கும் கட்டி பரவிவிட்டது, ஆபரேஷனும் வேண்டாம், ஊசி மருந்தும் இனி வேண்டாம் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். கிளம்பும்போது நான் டாக்டரிடம், சாப்பாடு என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். "அவங்க ஆசைப்படறதையெல்லாம் குடுங்க" என்றார். இது ஒரு பதிலா மச்சான்? கன்வேயர் பெல்ட்டுக்கு எந்த கிரீஸ் போடுவது என்று கேட்கிறவனிடம், அது ஆசைப்படுவதைப் போடு என்று சொன்னால் அந்த ஆளை மைன்ஸுக்குள் விடுவார்களா? அளவு இல்லை, தரம் இல்லை, பத்தியம் இல்லை. அம்சவல்லி அதைக் கேட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு பஜ்ஜி கேட்டாள். எந்த எண்ணெயோ என்று நான் வாங்கித் தரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பொறுப்பு இது.

எங்கள் ஷிப்டில் சிவப்பிரகாசம் என்று ஒருவர். பெல்ட்டில் ஓடும் கரியை விட அவர் போனில் ஓடும் வீடியோ அதிகம். அவர்தான் விளக்கினார். "மரபணுவ மாத்திட்டான் சாமிக்கண்ணு, வெதைக்குள்ளயே கைய வெச்சிட்டான். பருத்திச் செடிய புழு கடிச்சா புழுதான் சாவுது. நம்ம நாட்டுல பருத்தி பூரா இப்ப அதான். அந்தக் கொட்டையில எண்ணெய் எடுக்கறான், புண்ணாக்க மாட்டுக்குப் போடறான், அந்தப் பால நீ காப்பியில ஊத்திக்கற. வெளிநாட்டுலேர்ந்து வர்ற சோயா எண்ணெய் வேற." எனக்கு வாயில் வைத்த காப்பி இறங்கவில்லை. கடித்த புழுவே செத்துப்போகிற சாமானை, வயிற்றில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பவளுக்கு எப்படிக் கொடுப்பேன்? தாங்களாக இருந்தால் கொடுப்பீர்களா?

மைன்ஸில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற பெல்ட்டில் கை வைக்க மாட்டோம். நிறுத்தி, சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் வேலை. மாட்டியவனே வந்து கழற்ற வேண்டும், எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் மற்றவர் தொடக்கூடாது. இந்த அட்டையால் என் கை கால் இத்தனை வருஷமாக என்னிடமே இருக்கிறது. அதனால் பழைய அட்டைகள் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் மாட்டினேன். எண்ணெய் டின்னுக்கு ஒன்று, சோயா உருண்டைக்கு ஒன்று, சோள மாவுக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு, பால் பாத்திரத்துக்கு, வரிசையாக மாட்டிக்கொண்டே போனதில் சாமி விளக்குக்கு வந்துவிட்டேன். திரி பருத்தி அல்லவா? அதற்கும் மாட்டினேன். அம்சவல்லி படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொடவையும் பருத்திதான், தலகாணியும் பருத்திதான், எனக்கும் ஒண்ணு மாட்டிடேன், எடுத்துக்கினு போறவன் யோசிப்பான்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு வடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜுல்பிகர் பாய் வைத்திருக்கும் இயற்கை அங்காடிக்குப் போனேன். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாமல் கடை நடத்துகிறார். "இந்த மார்க் இருந்தாத்தான் சார் முழு ஆர்கானிக். இது இன்னும் மாறிக்கினு இருக்கற நெலத்துல வெளைஞ்சது, மூணு வருசம் மருந்து படாம இருந்தாத்தான் முழு சர்டிபிகேட் குடுப்பாங்க" என்று இரண்டு பாக்கெட்டை மாற்றி மாற்றிக் காட்டினார். மரபணு விஷயம் கேட்டேன். "ஆர்கானிக்ல அது சுத்தமா கூடாது சார். ஆனா அந்தப் பருத்தி புழுவத்தான் கொல்லும், மனுசன ஒண்ணும் பண்ணாதுன்னும் சொல்றாங்க, நீங்க ரொம்ப பயந்துக்காதீங்க" என்றார். அவரே இப்படிச் சொன்னதில் எனக்குப் பயம் ஜாஸ்தியாகிவிட்டது. முழு மார்க் போட்ட கைக்குத்தல் அரிசி வாங்கி வந்தேன். வேகவே இல்லை. கேஸ்தான் தீர்ந்தது. ஒரு வாய் வைத்து மென்று மென்று பார்த்துவிட்டு அம்சவல்லி துப்பிவிட்டாள். சரி, அந்த மூன்று வருஷ நிலத்தில் விளைந்தது மெதுவாக இருக்குமோ என்று அவளிடம் வாய்விட்டு யோசித்தபோது, "மூணு வருசமா? அதுவரைக்கும் பசிய தாங்கிக்கினு இருக்கச் சொல்றியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை மச்சான்.

காய்கறிக்கு மார்க் எங்கே தேடுவது? சிவப்பிரகாசம்தான் வழி சொன்னார். புழு இருக்கிற காய் வாங்கு, புழு உயிரோடு இருந்தால் அதில் மருந்தும் இல்லை, மரபணுக் கோளாறும் இல்லை என்று. சந்தையில் போய் புழுக் கத்தரிக்காய் இருக்கா என்று கேட்டேன். முதல் நாள் சிரித்தார்கள். அடுத்த வாரம் வள்ளியம்மாள் என்கிற காய்காரம்மா, குப்பைக்குப் போகிறதையெல்லாம் எனக்கென்று ஒரு கூடையில் ஒதுக்கி வைத்திருந்தது. நல்ல காயை விட அதற்கு விலை ஜாஸ்தி வேறு. கேட்டால், "பொறுக்கறதுக்குக் கூலி வேணாமா சார்?" என்கிறது. வீட்டில் வந்து அரிந்தால் பாதிக்கு மேல் புழு, மீதியில் புழு போன பாதை. அதை வேகவைத்துக் கொடுத்தேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "எங்கண்ணன் கொல்லைக் கத்தரிக்கா கெடைச்சா கருவாடு போட்டு ஒரு வாய் துண்ணுவேன்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

இனிமேல் நடந்தது தங்களுக்கே தெரியும், இருந்தாலும் என் கோணத்தில் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டதைச் சொல்லி அனுப்பியதும் தாங்கள் பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தீர்கள். நான் வாசலிலேயே வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஊதா நிறத்தில் பளபளவென்று, ஒரு ஓட்டை கிடையாது, ஒரு கீறல் கிடையாது. கத்தரியில் அந்த மரபணு சமாச்சாரத்தை நம் நாட்டில் விடவே இல்லை என்று ஜுல்பிகர் பாய் சொல்லியிருந்தார்தான். விடவில்லை என்றால் வராதா? நம் ஊரில் விடாதது எத்தனை வந்திருக்கிறது? என்ன விதை, யாரிடம் வாங்கினீர்கள், சர்டிபிகேட் உண்டா என்று கேட்டேன். "எந்தங்கச்சிக்குக் கொண்டாந்தத நீ யாருய்யா கேக்கறது?" என்றீர்கள். அந்த நேரம் என் கை தன்னால் பையில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டது. தாங்கள் அட்டையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், உள்ளே வராமலே போய்விட்டீர்கள். அம்சவல்லி உள்ளேயிருந்து "யாரு, அண்ணனா? அண்ணனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் பொற்கொடிதான் எனக்குப் போனில் சொல்லிச்சி. தாங்கள் விடிந்ததிலிருந்து கொல்லையில் குந்திக்கினு, புழுக் காயையெல்லாம் பொறுக்கி வரப்பில் எறிந்துவிட்டு, தங்கச்சிக்கென்று நல்லதாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினீர்களாம். புழு இருந்ததெல்லாம் வரப்பில் கிடந்திருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு சொத்தைக் காயைப் பையில் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. தப்பு என் மேல் இல்லை என்று சொல்ல வரல, அந்தக் காயெல்லாம் அட்டையோடவே அழுகிப் போச்சி, கழட்ட எனக்குக் கை வரல. அன்னையிலேர்ந்து அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கஞ்சியும் வேணாங்கறா, எளநியும் வேணாங்கறா. பெல்ட்டுல எந்த ரோலர் சத்தம் போட்டாலும் எதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லிடுவேன், இவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல மச்சான். எனக்குப் பயமா இருக்கு. சரியான ஒரு சாப்பாடு எங்கேயோ இருக்கு, நான்தான் தப்புத் தப்பா தேடறேன்னு தோணிக்கினே இருக்கு.

ஆகையால் தாங்கள் கோபத்தை ஒத்திவைத்து உடனே வர வேண்டியது. காய் கொண்டு வந்தால் என்ன விதை என்று கேட்க மாட்டேன். அட்டைகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி அவள் தலகாணிக்கு அடியில். எனக்காக வேண்டி, புழு உள்ளது நாலைந்து கலந்து கொண்டுவந்தால் மனசுக்குத் திருப்தியாக இருக்கும், கட்டாயம் இல்லை. பொற்கொடிக்கு என் அன்பும், மாடு கன்றுகளுக்கு என் விசாரிப்பும். கொல்லை செழித்து, கிணற்றில் தண்ணீர் வற்றாமல், தங்கள் கோபம் மட்டும் வற்றிப்போக ஆண்டவனை வேண்டும்,

தங்கள் பணிவுள்ள,
சாமிக்கண்ணு.

பின்குறிப்பு: அண்ணே, நான் அம்சவல்லி எழுதறேன். இந்தக் கடுதாசிய எனக்குப் படிச்சிக் காமிச்சிட்டு ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காரு. அதுக்குள்ள எழுதிடறேன், கையெழுத்து கோணலா இருந்தா பாத்துக்க. நான் பட்டினியா இல்லண்ணே. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜான் பீவி, அவரு வெளியில போனதும் பின்பக்கமா வந்து எல்லாம் குடுக்குது. டீ, பன்னு, கடையில சுட்ட பஜ்ஜி கூட. எதுல எந்த வெதைன்னு நான் கேக்கல. எனக்குத்தான் உள்ள போனது எதுவும் தங்க மாட்டேங்குது. அட்டை மாட்டினதாலயும், நீ கோவிச்சிக்கினதாலயும்தான் நான் சாப்புடலன்னு அவரு நெனச்சிக்கினு இருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. அலையட்டும். அலையறவரைக்கும்தான் அந்த மனுசன் அழுவாம இருக்காரு. நீ வா. எதுனா கொண்டா, ஒரு வாய் வெச்சிக்கினு நல்லாருக்குன்னு அவரு காதுல வுழற மாதிரி சொல்றேன். ஆனா அதுக்காக உன்னக் கூப்புடல. அவரு தட்டு முன்னால உக்காந்து எவ்வளவோ நாளாச்சி. சோத்துல எங்கெங்க என்ன கலக்கறான்னு எல்லாம் கத்துக்கினாரு, சோறு வடிக்கத் தெரியாது. எங்களுக்குன்னு புள்ளையா, குட்டியா? எனக்கப்பறம் அவரக் கூட்டிக்கினு போயி உன் வூட்டுல ஒரு தட்டு வையிண்ணே.