மணிக்கட்டில் ஏழே முக்கால்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில் மலாக்கா மாநிலம் இரண்டு தரப்புக்குத்தான் பயந்தது. ஒரு தரப்பு காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தது. இன்னொரு தரப்பு எங்கள் ஆஸ்பத்திரி வாசலில், ஊதாப் பென்சிலும் பழைய கைக்கடிகாரமுமாக ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தது. முதல் தரப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டாவது தரப்பிடம் ஆறு வருடம் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஊதாக் கிராணி. கிராணி என்றால் எங்கள் பக்கத்தில் குமாஸ்தா. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். வெளிநோயாளிகள் பிரிவில் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை. வாசலில் மேசை போட்டு நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற பென்சில் ஒன்று அப்போது உண்டு. அதில் எழுதியதை ரப்பரால் அழிக்க முடியாது. அதனாலேயே அவருக்கு அது பிடித்தது. நாள் முழுக்க நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, உதடு, நாக்கு, முன்பல் எல்லாம் ஊதாவாகிவிடும்.

புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அந்த உதட்டைப் பார்த்துப் பதறிப்போனார். இதயக் கோளாறு என்று முடிவுகட்டி, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் குழாயை வைத்துவிட்டார். கிராணி மறுக்கவில்லை. மூச்சை இழுக்கச் சொன்னபோது இழுத்தார், விடச் சொன்னபோது விட்டார். எல்லாம் முடிந்ததும் பொத்தானைப் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

"வருத்தமில்லாத ஆளுக்கு ஒன்பது நிமிஷம் செலவழிச்சிருக்கிறியள் டொக்டர். எழுதட்டோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். அந்த டாக்டருக்கு அன்றைக்குத்தான் உண்மையான வருத்தம் வந்தது.

நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகள் எல்லாம் மாதாமாதம் கோலாலம்பூருக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். எத்தனை நோயாளிகள் வந்தார்கள், ஒருவர் டாக்டரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை நிரப்பிவந்தவர் பெரிய கிராணி, எங்கள் அலுவலகத்துக்கே தலைவர். அவர் எல்லா மாதமும் பதினைந்து நிமிடம் என்று எழுதுவார். டாக்டர் பத்து நாள் லீவில் போன மாதத்திலும் பதினைந்து நிமிடம்தான்.

அதைப் பச்சைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. காத்திருக்கும் நேரத்தை அவர் நம்பர்ச் சீட்டு வாங்கியதிலிருந்துதான் கணக்கிடுவார். வார்டுகளைச் சுற்றிவிட்டு டாக்டர் வந்து உட்காரப் பத்து மணி ஆகும். அவர் உட்கார்ந்த பிறகுதான், அதுவும் பத்துப் பத்துப் பேராகச் சீட்டுக் கொடுப்பார்கள். விடியற்காலை வந்து சுவரில் சாய்ந்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊதாக் கிராணிக்கு இது பிடிக்கவில்லை. வந்த முதல் வாரமே அசல் நேரத்தை எழுதப் புறப்பட்டார். புறப்பட்ட வேகத்தில் சறுக்கி விழுந்தார்.

அக்காலத்தில் மருந்துக்கு நோயாளிதான் போத்தல் கொண்டுவர வேண்டும். வந்ததும் போத்தலைச் சுவரோரம் வரிசையில் வைத்துவிட்டு, ஆள் மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வார். போத்தல் நகர்ந்தால் ஆள் நகர்ந்த மாதிரி. கிராணி ஒவ்வொரு போத்தலுக்கும் சாக்கட்டியில் நேரம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினார். மூன்றாம் நாள் காலை என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"ஐசே, ஒரு ஆள் திங்கட்கிழமை காலமையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார். நாப்பத்தெட்டு மணித்தியாலம். ஒருத்தரும் கூப்பிடயில்லை."

எட்டிப் பார்த்தேன். தெங்கேராவிலுள்ள என் வீட்டுக்கு வாங்கிவைத்து, எடுத்துப்போக மறந்த மண்ணெண்ணெய்ப் போத்தல். சொன்னேன். அவர் அதை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பதிவேட்டைத் திறந்து, அந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'இது நோயாளி அல்ல, மண்ணெண்ணெய்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"அந்தப் பக்கத்தையே கிழிச்சிப் போட்றலாம் ஐயா, யாரு பாக்கப்போறா" என்றேன்.

"கிழிக்கப்படாது காணும். பிழை விட்டதும் கணக்குத்தான். நான் எங்க பிழை விட்டனான் எண்டு பாக்கிறவனுக்குத் தெரியவேணும்."

இப்படி ஒரு ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவது? பதினோரு மணிக்கு நான் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், குடிக்கப் போனால் திரும்பி வரும்போது கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மருந்து ஜன்னல் மூடியிருந்த நேரத்துக்கு ஒரு தனிக் கட்டம் போட்டு, காரணம் என்ற இடத்தில் 'தேநீர்' என்று எழுதியிருந்தார். ஒரு நாள் 'தேநீர், உடன் வடை' என்று இருந்தது. அந்த வடையை அவர் எங்கிருந்து பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போத்தலை நம்ப முடியாது என்று ஆனதும் ஆளின் மேலேயே எழுத ஆரம்பித்தார். வாசலில் கால் வைத்ததும் "கையை நீட்டும்" என்பார். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊதாவில் வந்த நேரம். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கீழே இன்னொரு நேரம். டாக்டரைப் பார்க்காமலே திரும்புகிறவர்களுக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி. சீனக் கடைக்காரர்களும் மலாய்ப் பெரியவர்களும் முதலில் கையைப் பின்னால் ஒளித்தார்கள். பிறகு அது இல்லாவிட்டால் மருந்து பலிக்காது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்டு வாங்கினார்கள்.

அந்தப் பெருக்கல் குறிதான் பெரிய கிராணியின் கண்ணை உறுத்தியது. ஏனென்றால் அது விழுந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை லாரி ஆட்கள் கையில்.

குருபோங்கைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து செவ்வாய்தோறும் நோயாளிகள் லாரியில் வருவார்கள். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காலை ஆறுக்குக் கதவு திறக்கும், மாலை ஐந்துக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு வெளியே நின்றால் ராணுவம் என்ன ஏது என்று கேட்காது. கையில் ஒரு பிடி சோறு கட்டிவரவும் தடை. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அதனால் லாரி மூன்று மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் முட்டி மோதி முன்னால் போகிறவர்கள் டவுன்காரர்கள். காய்ச்சலும் பசியுமாக லாரி ஆட்கள் பின்னால் நிற்பார்கள். மூன்று மணி அடித்ததும் பாதிப் பேர் டாக்டரைப் பார்க்காமலே ஏறிவிடுவார்கள். பெரிய கிராணியின் படிவத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. சீட்டு வாங்காதவர் வராதவர்.

அஞ்சலை என்ற பால்மரம் வெட்டும் பெண் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று செவ்வாய் வந்தாள். பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், வயிறு வீங்கியிருந்தது. மூன்று முறையும் பிள்ளை கையில் பெருக்கல் குறிதான் விழுந்தது.

"கிராணி ஐயா, அடுத்த வாரமும் இப்படித்தாங்களா? புள்ள தாங்காதுங்க" என்றாள்.

 ஊதாக் கிராணி பதிவேட்டைப் பார்த்தபடி அவள் போகும்வரை தலையைக் குனிந்தே இருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"காகிதத்தின்படி அந்தப் பிள்ளை ஒருநாளும் இஞ்ச வரயில்லை காணும். வராத பிள்ளைக்கு ஆர் இன்னொரு டொக்டரை அனுப்புவான்?"



அன்றைக்கே வினையும் வந்தது. திரும்பும் வழியில், பாச்சாங் பக்கம் இருந்த ரோட்டுத் தடுப்பில் ஒரு போலீஸ்காரர், அஞ்சலையின் பிள்ளை கையில் ஊதா எழுத்தைப் பார்த்துவிட்டார். அடுத்த ஆளைப் பார்த்தார். அங்கேயும் எழுத்து. பதின்மூன்று பேர் கையிலும் எண்கள், சிலவற்றில் பெருக்கல் குறி. காட்டுக்குப் போகும் ரகசியச் செய்தி என்று தீர்மானித்து, எல்லாரையும் ரோட்டோரம் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

ஊதாக் கிராணி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். பின்னால் நான். தொப்பை அனுமதித்த வேகத்தில் போய்ச் சேர்ந்தபோது, அவர் மலாய் சார்ஜென்டுக்குப் பதிவேட்டை வரிவரியாக விளக்கிக்கொண்டிருந்தார். கையையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பத்தே நிமிடத்தில் சார்ஜென்ட் எல்லாரையும் லாரியில் ஏற்றினார். ஐந்து மணிக்குள் கதவைத் தாண்டிவிடலாம்.

ஆனால் நம் ஆள் கிளம்பவில்லை. மேசை மேலிருந்த தடித்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார்ஜென்ட், உதென்ன புத்தகம்?"

தடுப்பைத் தாண்டும் ஒவ்வொரு வண்டியும், எந்த நேரம், எத்தனை ஆள் என்று எழுதும் புத்தகம். அதை இதுவரை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. சார்ஜென்டுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஊதாக் கிராணி அங்கேயே உட்கார்ந்து எல்லாச் செவ்வாய்க்கிழமைகளையும் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் சார்ஜென்டின் கையெழுத்தையும் வாங்கினார்.

மறுநாள் விசாரணை. ஆஸ்பத்திரித் தலைவரான வெள்ளைக்கார டாக்டர் முன்னால் பெரிய கிராணி புகாரை அடுக்கினார். அரசாங்கக் கணக்கில் கை வைத்தது, நோயாளிகளை மாடு மாதிரி குறி போட்டது, போலீஸ் வரைக்கும் ஆஸ்பத்திரி மானத்தை வாங்கியது. நிரூபணமானால் வேலை போய்விடும். ஓய்வூதியத்துக்கு ஐந்து வருடம்தான் பாக்கி அவருக்கு. சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள். நோயாளிகள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டதற்கு, "நான் மருந்து கலப்பதில் கவனமாக இருப்பவன்" என்று சொல்லி நழுவினேன். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைக்காரர் நியாயமாகவே கேட்டார். "நீயே பார்த்து நீயே எழுதியது. உன் கடிகாரம் சரியென்று யார் சொன்னது?"

ஊதாக் கிராணி நகலை நீட்டினார். "இது போலீஸின் கடிகாரம் ஐயா. லாரி தடுப்பைத் தாண்டியது ஏழு இருபது. இங்கே வர இருபத்தைந்து நிமிடம். நான் கையில் எழுதியது ஏழே முக்கால். பெரிய கிராணி இவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தது, கொடுத்திருந்தால், பன்னிரண்டுக்கு மேல்."

பெரிய கிராணி சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். "இடையில் பசாரில் எங்காவது சுற்றியிருப்பார்கள்."

 வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பதின்மூன்று தோட்ட ஆட்கள், செவ்வாய்க்குச் செவ்வாய், நாலு மணி நேரம், எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் காலத்தில். அப்படியா சொல்கிறீர்கள்? அப்படியானால் நான் இப்போதே ராணுவத்துக்குப் போன் பண்ண வேண்டும்." கை போனுக்குப் போனது.

பெரிய கிராணி பாய்ந்து இடைமறித்தார். "இல்லைங்க ஐயா. இங்கதான் இருந்தாங்க. மரத்தடியில. நானே பார்த்தேன்" என்றார்.

"எத்தனை மணியிலிருந்து?"

"ஏழே முக்கால்லேர்ந்து."

ஊதாக் கிராணி பென்சிலை நாக்கில் தொட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த மாதம் அசல் நேரத்தோடு போன படிவத்தைப் பார்த்துக் கோலாலம்பூர் ஆடிப்போனது. தந்தி வந்தது: போன மாதம் பதினைந்து நிமிடம், இந்த மாதம் மூன்று மணி நேரத்துக்கு மேல், ஏதும் கொள்ளைநோயா? ஊதாக் கிராணி பதில் எழுதினார்: 'நோய் ஒன்றுமில்லை. கடிகாரம் பார்த்தோம்.'

இரண்டாவது டாக்டர் கோலாலம்பூரிலிருந்து வந்து சேரச் சில மாதம் ஆனது. ஆனால் விசாரணை முடிந்த அடுத்த செவ்வாயே வெள்ளைக்காரர் தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி ஆட்களை முதலில் பார்த்தார். அஞ்சலையின் பிள்ளை கையில் ஏழே முக்காலுக்குக் கீழே எட்டு ஐந்து. மலேரியா. வார்டில் சேர்த்ததில், பத்து நாளில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும் அன்று அந்தப் பிள்ளை ஊதாக் கிராணியின் மேசைக்கு முன்னால் போய், கேட்காமலே கையை நீட்டியது. புறப்படும் நேரத்தை எழுதிவிட்டார்.  எழுதியது ஒன்பதா ஏழா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே தெளிவில்லாத எண் அதுதான்.

ஓய்வு பெற்றுப் போனவர், அவசரகாலம் முடியும் சமயத்தில் ஒரு நாள் நோயாளியாக வந்தார். மெலிந்திருந்தார். உதட்டில் ஊதா நிறம் மட்டும் இருந்தது. இந்த முறை அது பென்சிலால் வந்ததல்ல என்று எனக்கே தெரிந்தது. மணிக்கட்டில் தானே நேரத்தை எழுதிக்கொண்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

ஓடிப்போனேன். "ஐயா, பின் வாசல் பக்கமா வாங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றேன். ரெண்டே நிமிஷம்லா."

"என்னை முன்னுக்கு விட்டால் இவ்வளவு பேரும் ஒவ்வொரு இடம் பின்னுக்குப் போவினம் காணும். கணக்குக் கெட்டுப்போகும். நீர் போய் உம்மட வேலையைப் பாரும்."

நான் போகவில்லை. மருந்து ஜன்னலை இழுத்து மூடிவிட்டு அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மண்ணெண்ணெய், வடை, பெரிய கிராணி என்று பேச ஆரம்பித்தோம். ஜன்னலில் ஆட்கள் தட்ட ஆரம்பித்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜன்னல் மூடிப் பன்னிரண்டு நிமிஷம். காரணம் என்னெண்டு எழுத?"

"நீங்களே எழுதிக்கொள்ளுங்க ஐயா."

பென்சிலை நாக்கில் தொட்டு, பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் என்னவோ எழுதினார். எனக்குக் காட்டவில்லை. எங்களுக்கு முன்னால் இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான், வரிசை மெதுவாகவே நகரட்டும் என்று இருந்தது எனக்கு.