மூக்குத்தி பள்ளிக்கூடம் போன சனிக்கிழமை

திருச்சானூர்,
சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை கோவர்த்தனன் வணக்கத்துடன் எழுதுவது. தாயார் புண்ணியத்தில் இங்கே நான் நலம். ஹர்ஷினி நலம். மகளிர் குழுப் பயிற்சிக்காகச் சித்தூர் போயிருக்கும் சிவசங்கரியும் நலம் என்று காலையில் போனில் சொன்னாள். அங்கே தாங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் ஆடு மூக்குத்தியும் இந்த வரியை எழுதும் நேரம் வரை நலம்.

இன்று பகலில் தாங்கள் போன் செய்து, "ஆடு எப்டிகீது மாப்ள?" என்று கேட்டபோது லைன் கட் ஆனது. அது தானாகக் கட் ஆகவில்லை. நான்தான் கட் செய்தேன். மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாததால் கடிதமாக எழுதுகிறேன். என்னோடு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை செய்யும் தங்கள் நகரி ஊர்க்காரர் கமலக்கண்ணன் செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறார். கடிதத்தையும் ஆட்டையும் அவரே தங்கள் வீட்டில் சேர்த்துவிடுவார். முதலில் கடிதத்தைப் படித்துவிட்டு அப்புறம் ஆட்டைப் பார்க்கவும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அரக்கோணத்திலிருந்து ஜூன் மாதம் நாங்கள் இங்கே குடிவந்தது தங்களுக்குத் தெரியும். ஹர்ஷினியை நாலாம் வகுப்பில் சேர்த்தோம். குழந்தைக்குத் தெலுங்கு தெரியாது. சிவசங்கரி தங்கள் பெண், அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ, பஸ் போர்டு படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஜூலையில் பெற்றோரைக் கூப்பிட்டபோது தலைமையாசிரியை கல்பனா மேடம், "மீ பாப்ப நோரே தெரவது" என்றார். உங்கள் பாப்பா வாயே திறப்பதில்லை என்று அர்த்தமாம். சிவசங்கரிதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாவற்றோடும் பேசுகிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றால் எப்படி இறங்கும்?

இந்தப் பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் குடும்பங்களுக்குச் செய்தி அனுப்புவார்கள். யார் பரிசு வாங்கினார்கள், எப்போது மருத்துவ முகாம், எப்போது விளையாட்டு விழா, எல்லாம் கல்பனா மேடம் குரலிலேயே வாட்ஸப் குழுவில் வரும். இதைக் கேட்டுச் சொல்வது சிவசங்கரி வேலை. அவள் சித்தூர் கிளம்பும்போது, "ஏங்க, ஸ்கூல் மெசேஜ் எதனா வந்தா எனக்கு அனுப்புங்க, நான் சொல்றேன்" என்றாள். மாமா, நான் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். தப்பு கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். "ஏன், எனக்குக் காது இல்லியா?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தையால் வந்தது எல்லாம்.

புதன்கிழமை கம்பெனி பஸ்ஸில் வரும்போது செய்தி வந்தது. டிரைவர் பாட்டு ஒரு பக்கம், ஜன்னல் கடகடவென்று ஆடுவது ஒரு பக்கம். மேடம் சொன்னது என் காதில் இப்படி விழுந்தது: "சனிவாரம் குடும்ப தினோத்சவம். ப்ரதி குடும்பம் ஒக மேக தீசுகொனி ராவாலி." மேக என்றால் ஆடு. ஹர்ஷினியின் படப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஆடு கொண்டுவர வேண்டும். எனக்குச் சந்தேகமே வரவில்லை மாமா. போன மாதம்தான் வீட்டு விலங்குகள் நாள் என்று ஒன்று நடத்தினார்கள். ஒருவர் கன்றுக்குட்டியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். போன மாதம் கன்று என்றால் இந்த மாதம் ஆடு, அவ்வளவுதான்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்தேன். "பள்ளிகூடத்துக்கு ஆட்ட இட்டுகினு போயி இன்னா பண்ணப் போறீங்கோ?" என்று தாங்கள் நியாயமாகத்தான் கேட்டீர்கள். "இப்பல்லாம் எல்லாத்தயும் நேர்ல காட்டித்தான் பாடம் நடத்துறாங்க மாமா" என்று நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கொட்டகையில் இருந்ததிலேயே லட்சணமானதைக் கேட்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. எல்லார் ஆட்டையும்விட நம் ஆடு நன்றாக இருந்தால், நாலு பிள்ளைகள் ஹர்ஷினியிடம் வந்து பேசும் என்று நினைத்தேன். ராத்திரி குழந்தை மட்டும், "நைனா, ஆடுதான் சொன்னாங்களா? நல்லா கேட்டியா?" என்று கேட்டாள். "உனுக்குத் தெலுங்கு தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று அடக்கிவிட்டேன். எனக்குத் தெரியாது என்பதே உண்மை.

(இப்போது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பால்கனியில் படுத்து அசை போடுகிறது. ஏன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறேன் என்பது கீழே வரும்.)

இன்று காலை மூக்குத்தியை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, நானும் ஹர்ஷினியும் பள்ளிக்கூடம் போனோம். வழியெல்லாம் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்லார் கையிலும் செடி. எல்லாரும் ஆட்டுக்குத் தீனி கொண்டு போகிறார்கள், நான் மட்டும் மறந்துவிட்டேன் என்று நினைத்தேன்! ஆனால் ஒருவரிடமும் ஆடு இல்லை. முன்கூட்டியே கொண்டுபோய்க் கட்டியிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு, பக்கத்தில் வந்த பவன்குமார் என்பவரிடம், "சார், மீ மேக எக்கட?" என்று கேட்டேன். உங்கள் ஆடு எங்கே என்று. அவர் சிரித்துக்கொண்டே, "மா மேகாவா? செகண்ட் கிளாஸ்லோ கூச்சுந்தி சார்" என்றார். ஆட்டை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறாராம்! அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. அவர் பெண்ணின் பெயர் மேகா என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மைதானத்துக்குள் நுழைந்தால், வரிசை வரிசையாகக் குழி. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு செடி. மேடையில் கல்பனா மேடம் மைக்கில் அடுத்த மாத விழாக்களை வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். வாசிப்பது நின்றது. முந்நூறு பேர் திரும்பினார்கள். அந்த நிமிஷம்தான் மாமா, அந்த வார்த்தை மேக இல்லை, மொக்க என்று எனக்கு உறைத்தது. மொக்க என்றால் மரக்கன்று. குடும்பத்துக்கு ஒரு மரக்கன்று.

எனக்கு உறைத்த அதே நேரத்தில் மூக்குத்திக்கும் உறைத்துவிட்டது. ஒரே இழுப்பு. கயிறு என் கையிலிருந்து போனது. முதலில் கறிவேப்பிலைக் கன்று. அடுத்தது செம்பருத்தி. அப்புறம் கொய்யா, புங்கன், சிறப்பு விருந்தினர் தன் கையால் நடுவதற்காகப் பூச்சுற்றி வைத்திருந்த மாங்கன்று. பூவையும் விடவில்லை. வாட்ச்மேன் ஒரு பக்கம், டிரில் மாஸ்டர் ஒரு பக்கம் விரட்ட, அது இன்னும் வேகமாகத் தின்றுகொண்டே ஓடியது. நான் ஹர்ஷினியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். காது ரெண்டும் சிவந்துவிட்டது. பூமி பிளந்து என்னை முழுங்கட்டும் என்று நின்றேன். குழிகள் தயாராகத்தான் இருந்தன, எல்லாம் சின்னக் குழிகள்.

அப்போது ஆடு கேட்டைப் பார்த்துத் திரும்பியது. கேட் திறந்திருந்தது. வெளியே மெயின் ரோடு, ஷேர் ஆட்டோக்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகிற ரோடு. பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது: "கேட்டு முய்யண்டி! கேட்டு முய்யண்டி!" கேட்டை மூடுங்கள் என்று. யார் என்று பார்த்தால் நம் ஹர்ஷினி! கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே தெலுங்கைக் காதில் வாங்கியிருக்கிறாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடுகிறாள். "பட்டுக்கோ! வதலொத்து!" (பிடி, விடாதே) என்று அவள் கத்த, அவள் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் அவள் பின்னால் ஓடின. வாட்ச்மேன் கேட்டை மூட, இவள் பாய்ந்து கயிற்றைப் பிடித்துவிட்டாள். அடுத்த நிமிஷம் அவளைச் சுற்றி முப்பது பிள்ளைகள். இதன் பேர் என்ன, கடிக்குமா, பால் கொடுக்குமா என்று கேட்கிறார்கள். இவள் தெலுங்கும் தமிழுமாகக் கலந்து பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் கல்பனா மேடம் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "சோமவாரம் ஆபீசுக்கு ரண்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை எதற்கு வரச் சொல்வார்கள்? டி.சி. கொடுக்கத்தான். போதாததற்கு, போனில் எல்லாவற்றையும் கேட்ட சிவசங்கரி, "செடியில அரளி இருந்துச்சா? அரளி துன்னா ஆடு பொழைக்காதே!" என்றாள். அதிலிருந்துதான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து பார்க்கிறேன். வாட்ஸப் குழுவில் இதுவரை நூற்று நாற்பத்து மூன்று செய்திகள் வந்திருக்கின்றன. ஒன்றையும் திறக்கவில்லை. எல்லாம் என்னைத் திட்டித்தான் இருக்கும்.

ஆகவே தீர்மானமாக முடிவு செய்துவிட்டேன். அவர்கள் கொடுப்பதற்கு முன் நானே டி.சி. கேட்டு வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு அரக்கோணம் திரும்புகிறேன். இனி எந்தப் பள்ளிக்கூட விழாவுக்கும் இந்த ஜென்மத்தில் போகமாட்டேன். குழுவிலிருந்தும் விலகப் போகிறேன். இந்த முடிவில் மாற்றமில்லை.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், ஆடு விஷயத்தைச் சொல்ல வேண்டாம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, கொட்டகை நிறைந்து, எங்களை எப்போதும்போல் ஆசீர்வதிக்க வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
கோவர்த்தனன்.

பின்குறிப்பு (திங்கள் மாலை): மேலே எழுதியதில் ஆடு தின்றது வரைக்கும் சரி. மற்றதை விட்டுவிடவும். நேற்று சிவசங்கரி வந்து என் போனைப் பிடுங்கிக் குழுவைத் திறந்தாள். பாதிக்கு மேல், "மேக பாகுந்தா?" என்று ஆடு நன்றாயிருக்கிறதா எனக் கேட்டுத்தான் இருந்தது. ஒரே ஓர் அரளிச் செடி இருந்ததாம். அது முழுசாக நிற்பதைப் படம் பிடித்துப் பவன்குமார் போட்டிருக்கிறார். டி.சி. என்று வாயெடுத்ததும் ஹர்ஷினி, "நீ வோணா அரக்கோணம் போ நைனா, நான் வர்ல. மேகா ஊட்டுக்குப் போவணும்" என்றுவிட்டாள்.

இன்று பயந்துகொண்டே ஆபீசுக்குப் போனேன். கல்பனா மேடம் தமிழிலேயே பேசினார். சித்தூர்க்காரராம். "நம்ம ஸ்கூல்ல பதினோரு தமிழ்க் குடும்பம் இருக்குது சார். சனிக்கெழம வேற ஒர்த்தரும் வரல. மெசேஜ் புரியலன்னும் யாரும் சொல்லல. நீங்க ஒர்த்தர்தான் தப்பாவாச்சும் புரிஞ்சிகினு வந்தீங்க. இனிமே ஸ்கூல் நியூசெல்லாம் அவங்களுக்குத் தமிழ்ல நீங்களே சொல்லிடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன் மாமா. இன்று மதியமே என் குரலில் முதல் செய்தி போய்விட்டது. அடுத்த மாதம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிக்கும் விழா. குடும்பத்துக்கு ஒரு 'பலக' கொண்டுவர வேண்டுமாம். பலகை கொண்டுவரச் சொல்லி விளக்கமாகச் சொன்னேன். அந்தக் குடும்பங்களில் தச்சு வேலை செய்யும் சின்னப்பன், "எத்தினி அடி சார்?" என்று கேட்டார். ஆறடி போதும் என்றேன். இதை எழுதும்போது பின்னாலிருந்து படித்த சிவசங்கரி, "ஐயோ, பலகன்னா சிலேட்டுங்க!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். செய்தியை அழிக்கலாம் என்று குழுவைத் திறந்தேன். சின்னப்பன் பதினோரு குடும்பத்துக்கும் சேர்த்துப் பலகை அறுத்து முடித்து, போட்டோ போட்டிருக்கிறார்.