கச்சான் சுருளில் போன கொலைகாரன்

கல்லடி.

அன்புள்ள தங்கை புஸ்பத்துக்கு,

என் துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை நீ கடலை விற்கிற கச்சான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாய். சுகம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். போனில் நான் தொடங்கினாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

என் கண் ஒப்பரேசனுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்க வந்தாய், சரி. பழைய புத்தகம், கட்டு விட்டு, கடைசித் தாள்கள் கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தன. கடுதாசிக் குப்பை என்று, கச்சான் சுற்றுவதற்கு ரிஸ்கானிடம் கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து பாலத்தடியில் அவனுடைய வண்டிக்கு முன்னால்தான் நிற்கிறேன். பல் இல்லாத நான் தினமும் கச்சான் வாங்குகிறேன், சுருளைப் பிரிக்கிறேன், கச்சானைக் காகத்துக்குப் போடுகிறேன். அவன் கேட்கிறான்: "ஐயா, ஒங்களுக்குக் கச்சான் வேணுமா, கொலகாரன் வேணுமா?" ஒரு தாளில் துப்பறிகிறவன் மழையில் நிற்கிறான், அடுத்ததில் உதடு வெடித்துக் கிடக்கிறான். நடுவில் அடித்தது யார்? நேற்றுக் கடற்கரையில் ஒரு சோடி சுருளோடு போனதைக் கண்டு, அந்தக் கதைகளில் வருவதுபோல மறைந்து மறைந்து பின்னால் போனேன். பெடியன் திரும்பிப் பார்த்தான். "மாமா, இவட அப்பா அனுப்பின ஆளா நீங்க? வீட்ட சொல்லிராதீங்க!" என்று சுருளை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். பிரித்தால், யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள்.

நீ சிரிப்பாய். "எல்லாத்திலயும் அதே மழ, அதே தொப்பி, அதே பொய் சொல்ற பொம்புள. எத்தினதான் வாசிப்பீங்க அண்ணன்?" என்று அன்றைக்கும் கேட்டாய். எட்டாம் வகுப்போடு நின்று தானாக வாசிக்கப் பழகியவன் சொல்கிறேன், கேள். அந்தக் கதையில் பணக்காரன் பொய் சொல்வான், பொலிஸ் பொய் சொல்லும், வேலை கொடுத்தவளும் பொய் சொல்வாள். துப்பறிகிறவனுக்கு அது தெரியும். அடி வாங்குவான். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டி, அந்த ஆள் எங்கே என்று கேட்பான். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில் இந்த ஊரில் நாங்கள் கேட்க வாய் வராமல் விட்ட கேள்வி அது. அவன் கேட்கிறான். அதற்காகத்தான் வாசிக்கிறேன்.

வியாழக்கிழமை கண்ணைக் கத்திக்குக் கொடுக்க வேண்டும். ஒப்பரேசன் பிழையாய்ப் போனால்? கொன்றது யாரென்று தெரியாமல் நான் இருட்டுக்குள் போகமாட்டேன். ஆகவே, நீ தன்னாமுனையிலிருந்து வந்து ரிஸ்கானின் வண்டியில் மிச்சத் தாள்களைத் தேட வேண்டும். மச்சான் கடற்கரையில் வீசிக் கிடக்கும் சுருள்களைப் பார்க்க வேண்டும். ரிஸ்கான் அதுவரை கச்சானைப் பொலித்தீனில் விற்க வேண்டும். டொக்டர் காத்திருக்க வேண்டும்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் மாமாங்கப் பிள்ளையார் துணை. உனக்கும்தான்.

உன் அண்ணன்
கனகசிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் ரிஸ்கான் மிச்சத் தாள்களோடு வந்தான். "நானும் வாசிச்சிட்டன் ஐயா. கொன்னது ஆரெண்டா…" என்றான். வாயைப் பொத்தினேன். தாள்களை அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. மேலே சொன்ன எதையும் யாரும் செய்ய வேண்டாம். வியாழக்கிழமை ஒப்பரேசனுக்கு வருகிறேன். கண் கட்டை அவிழ்த்த பிறகு பார்ப்பதற்கு எனக்கென்று ஒன்று இருக்க வேண்டாமா? இத்தோடு அனுப்பும் அலுமாரித் திறப்பை நீ வைத்துக்கொள். நான் கெஞ்சினாலும் அதற்கு முன் தராதே.