ஒழுக்கமுள்ள குழாய்

ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்?

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் பிழையை நான் திருத்துவேன். என்னைத் திருத்த வீட்டில் ஆள் இருக்கிறது. சாப்பாடு, பிழை, தூக்கம், மறுபடி பிழை. இவ்வளவுதானா? நெஞ்சுக்குள் நிஜமாகவே ஒரு வெறுமை. அகராதியைப் புரட்டினேன். வாழ்க்கை என்றால் வாழ்தல் என்றிருந்தது. வாழ்தல் என்றால் வாழ்க்கை நடத்துதலாம். ஆளைவிடு என்று மூடிவைத்தேன்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு பேராசிரியர் தத்துவ வகுப்பெடுத்தார். சேர்ந்தேன். முதல் வகுப்பிலேயே எல்லாப் பற்றையும் அறுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

"என்னங்க, சமையலறைக் குழாய் ஒழுகுது" என்றாள் மனைவி.

"ஒழுக்கம் நல்லதுதானே!"

"வாளி நிரம்பிடுச்சுங்க."

"நிறைவுதான் வாழ்க்கை."

"இதுக்குப் பேரு தத்துவமா?"

"பின்னே?"

"தத்துப்பித்துவம்னு நெனச்சேன்."

சண்டை போடவில்லை. வாளியை மாற்றி வைத்துவிட்டுப் போனாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் பேராசிரியர் என்னைப் பார்த்தே பேசினார்.

"அர்த்தத்தை வெளியே தேடாதீங்க. வீட்டுல தள்ளிப்போட்ட ஒரு வேலையை முழு மனசோட செஞ்சு பாருங்க. உதாரணத்துக்கு... ஒரு குழாய்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன ஞானம்! ஓட்டமாய் வீட்டுக்கு வந்து ஸ்பானரை எடுத்தேன். பழைய வாஷரைக் கழற்றியதும் தண்ணீர் பீய்ச்சியடித்து மூக்குக்குள் புகுந்தது. விடவில்லை. கடைசித் திருகலில் சொட்டு நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மனைவி துண்டெடுத்து என் தலையைத் துவட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெறுமை போன இடம் தெரியவில்லை.

காலையில் முதல் வேலையாகப் பேராசிரியர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, அர்த்தம் கிடைச்சிடுச்சு!"

"ரொம்ப சந்தோஷம். சொட்டு நின்னுதா?"

"நின்னுது ஐயா. அது சரி, குழாய்னு எப்படிக் குறிப்பாச் சொன்னீங்க?"

அவர் நெளிந்தார்.

"உங்க வீட்டம்மா வந்து என் வீட்டம்மாகிட்ட பேசிட்டுப் போனாங்க. அப்புறம் பாடத்தை நான் எங்க தீர்மானிக்கிறது? ஆனா அர்த்தம் கிடைச்சது நிஜம்தானே?"

"நிஜம்தான் ஐயா."

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப தயாரா இருங்க. அடுத்த வாரப் பாடம், பரணைச் சுத்தம் பண்றது."