மாமி வாசலில், மான் போர்வைக்குள்

ஆபிரிக்கக் காட்டில் இம்பாலா மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரிய தைரியசாலிகளாம். செத்த இம்பாலாவின் தலையோடு என் மாமிக்கு முன்னால் நின்று பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

நாங்கள் காதலித்துக் கல்யாணம் கட்டியதிலிருந்து மாமி என்னோடு நேரே பேசியதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும், “வதனி, உன்ரை மனிசன் தேத்தண்ணி குடிச்சிட்டாரோ?” என்று மகளிடம்தான் கேட்பார். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்தபோது, வதனி அழுது மன்றாடி வெம்பிளியிலிருந்து அவரை வரவழைத்தாள். “அம்மா வாசலோடை திரும்பிப் போனா எண்டால், பிறகு ஒருநாளும் வரமாட்டா” என்று என்னை எச்சரித்தும் வைத்தாள்.

எங்கள் வழக்கப்படி புது வீட்டுக்குள் முதலில் மாடு போக வேண்டும். லண்டனில் மாட்டுக்கு எங்கே போவது? பசுப் பொம்மை போதும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அதை வாங்குவது மட்டும்தான் என் பொறுப்பு. (மறந்துவிட்டேன். வேறென்ன?)

“நேரம் போகுது, மாடு எங்கை?” என்றார் வாசலில் எல்லோரோடும் நின்ற ஐயர்.

“வதனி, உன்ரை மனிசனைக் கேள்” என்றார் மாமி.

சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்போதுதான் தெருவில் நின்ற மச்சானின் வான் கண்ணில் பட்டது. மச்சான் வதனியின் தமையன், ஜெர்மனியில் இருப்பவர். நமீபியாவுக்குப் போய் இம்பாலா சுட்டுப் படம் அனுப்பியிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். “இந்தத் தலை எங்கடை ஹோலிலை தொங்கினால் எப்பிடி இருக்கும்!” என்று பதில் போட்டேன். மனிதர் பாடம் செய்த தலையைப் பரிசாகவே கொண்டுவந்துவிட்டார். மாமிக்குத் தெரியாமல் போர்வையால் சுற்றி வானுக்குள் ஒளித்திருந்தோம்.

கொம்பு இருக்கிறது, முகம் தெரியாது. போதாதா? தூக்கிக்கொண்டு வந்தேன். கொம்பை முன்னுக்கு நீட்டிப் பிடித்தேன்.

“வதனி, ஏன் மாட்டுக்குப் போர்வை?”

“குளிர், மாமி.”

பொட்டு வைக்கவென்று மாமி போர்வையை இழுத்தார். கண்ணாடிக் கண்கள் இரண்டும் அவரை முறைத்தன. குங்குமத் தட்டு கீழே விழுந்தது.

“தம்பி!” கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை. “நல்ல நாளிலை செத்த தலை! ஆர் சுட்டது?”

பொய் சொல்லவும் துணிச்சல் வேண்டுமே! மச்சானைக் காட்டினேன்.

மச்சான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். “நில்லடா! வாயில்லாச் சீவனையோடா சுட்டனி?” என்று மாமி சேலையைச் செருகிக்கொண்டு துரத்தினார். வலது காலா, இடது காலா, யார் பார்த்தது? மாடிப்படி அதிர்ந்தது, பிறகு குளியலறைக் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

“அம்மா உள்ளுக்கை போயிட்டா!” என்று வதனி என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். ஐயர் பெருமூச்சு விட்டு, “இனி மாடு தேவையில்லை” என்றார்.

தலை வந்த வானிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்விட்டது. மாமி இப்போது பாதி வாரம் எங்கள் வீட்டில்தான். என்னோடு நன்றாகப் பேசுகிறார், மகனோடுதான் பேச்சில்லை. மச்சான் வந்து மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தால், வீட்டில் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்போம்.

“தம்பி, மான் சுட்டவருக்கு இன்னும் ரெண்டு இடியப்பம் வேணுமோ எண்டு கேளும்.”